வளைகுடாப் பண்ணையை விட்டு ஏன் திரும்பினேன்

சென்ற மாதம் விழுப்புரத்தில், புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர்களான உங்களிடம் பேச என்னை அழைத்திருந்தார்கள். எழுதிக்கொண்டு போன குறிப்பை வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டீர்கள். பிறகு டீ குடிக்கும்போது உங்களில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்று, "சார், ஒண்ணு கேக்கலாமா? கோச்சிக்க மாட்டீங்களே?" என்றார்.

"கேளும்மா."

"சென்னையில ஒரு பெரிய பெட் கிளினிக்ல கூப்பிடறாங்க. இங்க வாங்கறதுக்கு ரெண்டு மடங்கு சம்பளம். வீட்ல எல்லாரும் போ போன்னு சொல்றாங்க. நீங்க கடைசி வரைக்கும் இதுலயே இருந்துட்டீங்களே, உண்மையச் சொல்லுங்க சார், வருத்தமே இல்லையா?"

"வருத்தம் எதுக்கும்மா" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். பஸ்ஸில் கோட்டக்குப்பம் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே வந்தது. அந்தப் பெண் மனதைத் திறந்து கேட்டார். நான் மேடையில் பேசுகிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம்: கடைசி வரை நான் இதிலேயே இருந்துவிடவில்லை. நடுவில் ஒருமுறை ஓடிப்போனேன்.

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை என்றால் வெளிநாடு. அத்தா, அதாவது என் அப்பா, குவைத்தில் இருந்தவர். அண்ணன்கள் இருவரும் படிப்பை முடித்த கையோடு விமானம் ஏறினார்கள். நான் மட்டும் மாட்டு டாக்டருக்குப் படித்தேன். மாடுகள்மேல் பாசம் என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். எனக்கு வந்த மதிப்பெண்ணுக்கு அந்தப் படிப்புதான் கிடைத்தது, அவ்வளவுதான். பிடித்துப்போனது பிறகு, விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் கால்நடை மருந்தகத்துக்கு வேலைக்கு வந்த பிறகு.

பிடிக்கவைத்தவர் அந்த மருந்தகத்தின் உதவியாளர். பெயரைப் போட்டால் சங்கடப்படுவார், வேண்டாம். பத்தாவது வரை படித்தவர். மாட்டை நான் தொடுவதற்கு முன்னால் மாட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசவைப்பார். "மொதல்ல அதும் பேரக் கேளுங்க சார். பேரச் சொன்னாங்கன்னா மத்ததத் தானா சொல்லுவாங்க" என்பார். கன்று ஈன்ற மாடு கால்சியம் குறைந்து படுத்துவிட்டால் கழுத்து நரம்பில் மருந்து ஏற்றுவோம் இல்லையா, அதற்கு அவரிடம் ஒரு விதி இருந்தது. பாட்டிலைக் கையில் தாழ்த்தித்தான் பிடிப்பார். நான் மாட்டின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "ஒசரத்துல கட்டாதீங்க சார். மருந்து வேகமா ஓடும், மாட்டு நெஞ்சு நின்னுடும்." எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

காணையில் எனக்கு எட்டாவது வருடம். மூத்த அண்ணன் வளைகுடாவில் ஒரு பெரிய பால் பண்ணையில் சொல்லிவைத்திருந்தார். ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் பண்ணையிலிருந்து பேசுவார்கள், போனிலேயே நேர்காணல் என்று தகவல் வந்தது. அன்றைக்கென்று உதவியாளர் விடுப்பு. ஒன்பதரை மணிக்கு அஞ்சலை என்ற பெண்மணி ஆட்டோ பிடித்து வந்து நின்றார். கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். வீட்டில் ஒரே ஒரு மாடு, மகாலட்சுமி என்று பெயர். முந்தின நாள் கன்று போட்டது, காலையிலிருந்து எழவில்லை என்றார்.

போய்ப் பார்த்தேன். தலையை வயிற்றுப் பக்கம் மடித்துப் படுத்திருந்தது. கால்சியம் ஏற்றினால் எழுந்துவிடும். சந்தேகமே இல்லாத கேஸ். ஊசியை ஏற்றிவிட்டு, பாட்டிலைப் பிடிக்க ஆள் இல்லாததால் கொட்டகையின் குறுக்குக் கம்பில், தலைக்கு மேலே கட்டினேன். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டும் நேரத்தில் போன் அடித்தது. பதினோரு மணி அழைப்பு பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வேப்பமரத்தடிக்குப் போனேன்.

ஏழெட்டு நிமிடம் பேசியிருப்பேன். நேர்காணல் நன்றாகவே போனது. அந்தப் பக்கம் பேசியவர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், நானும் சிரித்தேன். அப்போதுதான் கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது.

"சார்! இன்னா சார் இது, கண்ண உருட்டுது! சார்!"

ஓடினேன். பாட்டில் கிட்டத்தட்டக் காலியாகியிருந்தது. ஊசியைப் பிடுங்கினேன். நெஞ்சைக் குத்தினேன், அமுக்கினேன். காதில் இரண்டு துடிப்பு கேட்டது, அப்புறம் ஒன்று, அப்புறம் எதுவும் இல்லை.

அஞ்சலை மாட்டின் முகத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான சார் இருந்துச்சி. கன்னு போட்ட நோவா சார்?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அங்கே எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவருக்கு மருந்தைப் பற்றித் தெரியாது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்ததை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நான் நல்லவன் என்பதால் அதை விழுங்கினேன் என்றும் சொல்லமாட்டேன். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"இல்லம்மா. மருந்து வேகமா ஏறிடுச்சி. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும். போன் வந்துச்சின்னு போயிட்டேன். என் தப்புதாம்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை சார், வாங்க, போங்க என்று பேசியவர்.

"மாடு இங்க செத்துக்கினு இருக்குது, நீ அங்க நின்னு சிரிச்சிக்கினு இருந்தியா?"

கம்பில் கட்டியிருந்த பாட்டிலை அவிழ்த்துப் பையில் போட்டேன்.

கன்று இருந்தது. பக்கத்துத் தெருவில் கன்று ஈன்ற இன்னொரு மாட்டின் பாலைக் காலையும் மாலையும் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அஞ்சலை தூக்கை வாங்குவார், கன்றுக்கு ஊட்டுவார், தூக்கைக் கழுவிக் கீழே வைப்பார். பத்து நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் விஷயம் பரவியது. என் மேலதிகாரி கூப்பிட்டு, "தப்பு நடக்கறது சகஜம். அத வாயத் தொறந்து சொல்லணுமா ஒரு டாக்டர்?" என்று கடிந்துகொண்டார். உதவியாளர் விடுப்பு முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கால்சியம் பாட்டில்கள் இருந்த அலமாரியைத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மூன்று வாரத்தில் பண்ணையிலிருந்து வேலை உறுதி என்று வந்தது. சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். பணத்துக்காகப் போனேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். காணையில் யார் முகத்திலும் முழிக்க முடியாமல் போனேன் என்பது என் மனைவி மும்தாஜுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பண்ணையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கண்ணுக்கெட்டிய தூரம் கொட்டகை. வெயில் சுடாமல் மாட்டின்மேல் நீர்த்துளி தெளிக்கும் விசிறிகள். நாம் படத்தில் மட்டும் பார்க்கும் கருவிகள் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மருந்து இல்லை என்ற பேச்சே இல்லை. நான் அங்கே கற்றது நிறைய. ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஒரு எண். காலையில் கணினி ஒரு பட்டியல் தரும், அந்த எண்களைத் தேடிப் போய் ஊசி போடுவேன், முடிந்ததைக் கணினியில் பதிவேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு பிற்பகல். கன்று ஈன்று படுத்துவிட்ட மாடு ஒன்று, அதே கால்சியம் குறைபாடு. மண்டியிட்டு உட்கார்ந்து, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்றினேன். மாடு உடம்பைச் சிலிர்த்தது, ஏப்பம் விட்டது, முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "எழுந்துடுச்சி!" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். பின்னால் சுவர்தான் இருந்தது. எண்ணைப் பதிந்துவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போனேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரிந்துவிடவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். புரியவைத்தவர் மும்தாஜ். ஒரு வருடம் முடிந்து விடுமுறையில் வந்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"ஒண்ணு சொல்லட்டா? இங்க இருந்தப்ப வீட்டுக்கு வந்தா போதும், காமாட்சிக்கு மடி வீங்கிடுச்சி, செவலைக்குச் சினை நிக்கலன்னு மாட்டுக் கதையாவே சொல்லுவீங்க. எனக்குப் பேஜாரா இருக்கும். இந்த ஒரு வருஷமா போன்ல ஒரு மாட்டப் பத்தியும் நீங்க பேசல. இன்னிக்கி வெயில் எவ்ளோன்னுதான் சொல்றீங்க."

அந்த ஒரு வருடத்தில் நான் பார்த்த ஒரு மாட்டுக்கும் பெயர் இல்லை, எண்தான்.

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டு, கால் தானாகக் காணை பஸ்ஸில் ஏறியது. அஞ்சலையின் வீட்டு வழியாகப் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். அவர் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"எப்ப வந்த சார்?"

"நேத்துதாம்மா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்." முறத்திலிருந்த கேப்பையைக் கூடையில் கொட்டினார். பிறகு, "கன்னுக்குட்டி நாலு நாளா இருமிக்கினே இருக்குது. வந்து பாரு" என்று எழுந்து நடந்தார்.

கன்று பெரிதாகியிருந்தது. பார்த்தேன், சளிதான். மருந்து எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "நீ பண்ணத நான் மறக்கல சார். மறக்கவும் மாட்டேன். ஆனா நீயாத்தான் வாயத் தொறந்து சொன்ன. நீ சொல்லாங்காட்டி எனக்கு எங்க தெரியப்போவுது? அதான் காட்டினேன்."

அது மன்னிப்பு இல்லை. மன்னிப்பைவிடப் பெரியதாக எனக்குத் தோன்றியது. அந்தக் கன்றின் இருமலைப் பற்றி அன்று மாலை மும்தாஜிடம் வெகுநேரம் பேசினேன். அவள் குறுக்கே ஒன்றும் சொல்லாமல் கேட்டாள். பேசி முடித்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது, நான் திரும்பிப் போகப்போவதில்லை என்று.

அண்ணன் போனில் கத்தினார். "பைத்தியமாடா நீ? அவனவன் ஒரு விசாவுக்கு நாயா அலையறான். சாணியில நிக்கறதுக்கா வேலைய விடற?" அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. எனக்காக நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. ஒரு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

விடுப்பை ரத்து செய்துகொண்டு வந்தபோது காணையில் இடம் இல்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்தகத்தில் போட்டார்கள். அங்கே போன இரண்டாவது கோடையில் நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

நடுப்பகல். ஒரு போன். "சார், ஜல்தி வாங்க! மாடுங்க சோளக் கொல்லையில மேஞ்சிட்டு சுருண்டு சுருண்டு வுழுது!" அறுத்த சோளத்தில் மறுபடி துளிர்க்கும் இளந்தளிர், தண்ணீரில்லாமல் வாடினால், எவ்வளவு நஞ்சு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிமிடக் கணக்கில் மாட்டைச் சாய்த்துவிடும் நஞ்சு. இருந்த மருந்தை எல்லாம் அள்ளிக்கொண்டு வண்டியை விரட்டினேன். அள்ளிக்கொண்டு என்று சொல்கிறேன், இருந்தது இரண்டு மாட்டுக்குத்தான்.

அங்கே ஏழு மாடுகள். மூன்று தரையில் கிடந்தன. நான்கு நின்றபடி நடுங்கிக்கொண்டிருந்தன, வாயில் நுரை. சுற்றிலும் ஊரே நின்று கத்திக்கொண்டிருந்தது. கிடந்த மூன்றின் நெஞ்சிலும் காது வைத்துக் கேட்டேன். இரண்டுக்கு இதயம் வேகமாக, பலமாக அடித்தது. மூன்றாவது கோவிந்தன் என்பவருடைய மாடு. அந்த ஊரிலேயே அதிகம் பால் கறக்கும் மாடு அதுதான். விழியைத் தொட்டேன், இமை அசையவில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே நான் மூச்சு விட்டு வாங்கும் நேரம் இருந்தது.

"எங்க மாட்டுக்கு மொதல்ல போடுங்க சார்!" கோவிந்தன் என் தோளைப் பிடித்து இழுத்தார். "அதான் ரொம்ப மோசமா கெடக்குது!"

"கோவிந்தன், அது பொழைக்காதுங்க."

"போட்டுப் பாக்காமயே சொல்றீங்களா? போடுங்க சார்!"

"இத அதுக்குப் போட்டா அதுவும் போயிடும், பொழைக்கற மாடு ஒண்ணும் போயிடும். நான் போடமாட்டேன்."

அவர் என் சட்டையைப் பிடித்தார். இரண்டு பேர் வந்து அவரை விலக்கினார்கள். நான் மற்ற இரண்டு மாட்டுக்கும் மருந்தை ஏற்றினேன்.

நின்றுகொண்டிருந்த நான்கும் மிச்சம். வெல்லத்தைக் கரைத்துப் புகட்டச் சொன்னேன். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்போது, படிக்கும் காலத்தில் ஒரு பேராசிரியர் போகிற போக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. போட்டோ கழுவுகிற ஹைப்போ உப்பும் நாம் போடும் இந்த மருந்தும் ஒன்றுதான், நிற்கிற மாட்டுக்கு வாய்வழியாகவும் கொடுக்கலாம் என்று. இந்த மருந்தகத்தில் என்னோடு இருந்த உதவியாளருக்குப் போன் செய்து, திண்டிவனத்தில் எந்த ஸ்டூடியோவிலாவது ஹைப்போ இருக்கிறதா பார் என்றேன். முதல் இரண்டு கடையில், எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது, அதெல்லாம் எப்போதோ போய்விட்டது என்று சொல்லிவிட்டார்களாம். மூன்றாவது கடைக்காரர் பரணில் ஏறித் தேடினார். தேடி எடுத்து உதவியாளரிடம் கொடுத்து அனுப்பாமல், தன் மொபெட்டில் தானே வந்து இறங்கினார். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கையில் ஒரு தகர டப்பா.

"டாக்டர், இது கறுப்பு வெள்ளக் காலத்துது. இப்ப நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் சொல்லிட்டேன்."

டப்பாவைத் திறந்தேன். பளிங்குத் துண்டுகள் காய்ந்து தெளிவாக இருந்தன. ஒரு சொம்பு தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் கலக்கினேன். கெட்டுப்போயிருந்தால் தண்ணீர் கலங்கும், கந்தக நாற்றம் அடிக்கும். ஊரே சொம்புக்குள் எட்டிப் பார்த்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இருந்தாலும் பழைய சரக்கு. கொடுத்து நான்கில் ஒன்று செத்தாலும் டாக்டர் போட்டோ மருந்து கொடுத்துக் கொன்றான் என்பார்கள். கொடுக்காவிட்டால் நான்கும் சாகும், என்மேல் ஒரு சொல் வராது. அந்த இடத்தில் நிற்கும்போது யாரையும் கேட்க முடியாது. கொடுத்தேன்.

கோவிந்தனின் மாடு, மொபெட் வருவதற்கு முன்பே போய்விட்டிருந்தது. மற்ற ஆறும் பிழைத்தன. நான்கு மணிக்குக் கடைசியாகக் கிடந்த மாடும் எழுந்து நின்று மூத்திரம் பெய்தது. பெண்கள் கைதட்டினார்கள். ஸ்டூடியோக்காரர் வெறும் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எத்தினி கல்யாணப் படம் கழுவியிருப்பேன் சார்! இது இதுக்கு ஒதவும்னு ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலியே" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அவித்துக் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேர் மடியிலும் கொட்டினார்கள்.

கோவிந்தன் தன் மாட்டின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "போங்க சார்" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். வருத்தம் இருக்கிறதம்மா. என் மகள் ஆசைப்பட்ட கல்லூரியில் அவளைச் சேர்க்க முடியவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போன அந்த மாலை எனக்கு இன்னும் வலிக்கிறது. அண்ணன்கள் கட்டிய வீட்டைப் பார்க்கும்போது என் பிள்ளைகளுக்காகச் சங்கடப்பட்டிருக்கிறேன். பணம் பெரிதில்லை என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அது பெரிதுதான். வீட்டில் கஷ்டம் இருந்தால் சென்னைக்குப் போ, தப்பே இல்லை. அங்கேயும் ஒரு நாய்க்குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு பயந்துபோன ஒருவர் உன் எதிரில் வந்து நிற்பார். அவரை உன்னால் பார்க்க முடிகிற வேலையாக இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள். நான் வளைகுடாவுக்குப் போகும்முன் எதை எதையோ விசாரித்தேன், அதை விசாரிக்கவில்லை.

கோவிந்தனைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவர் மேலே மனு எழுதிப் போடப்போகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஐந்தாறு நாள் கழித்து, காலையில் மருந்தகத்தைத் திறந்தபோது வரிசையில் நான்காவதாக அவர் நின்றிருந்தார், தன் இன்னொரு மாட்டைப் பிடித்துக்கொண்டு. அவர் ஊருக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரிதான் பக்கம். அதை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு வந்திருந்தார். முறை வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சினை ஊசி போட்டு மூணு மாசம் ஆவுது. சினை நிக்குதான்னு பாருங்க."

கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தேன். "நிக்குதுங்க. நல்லா இருக்கு."

தலையாட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். கேட் வரை போனவர் நின்றார்.

"அன்னிக்கி நீங்க சொல்லும்போதே எனக்கும் தெரியும் சார், அது பொழைக்காதுன்னு. யாரோ ஒருத்தர் அதச் சொல்லித்தான ஆவணும்."

மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். வரிசையில் அடுத்து இருந்த அம்மா தன் ஆட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். அதன் பெயர் என்ன என்று கேட்டேன்.